முதுகில் மூக்கு, வாலில் கண்

‘அவதார்’ படம் வந்தது 2009இல். இத்தனை வருஷம் ஆகியும் அதன் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் தீரவில்லை. அதில் வரும் பண்டோரா உலகத்தில் குதிரை மாதிரி ஓடுவதற்கு ஆறு கால். பாய்ந்து வேட்டையாடும் கரிய மிருகத்துக்கும் ஆறு கால். கண்கள் நான்கு. மூச்சு விடுவது முகத்தால் அல்ல, உடம்பில் உள்ள துளைகளால். எல்லாம் ஒரு வம்சம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. அப்புறம் கதாநாயகி வருகிறாள்: இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண், நடுவில் மூக்கு. மிச்சம் இரண்டு எங்கேயம்மா?

படம் எடுத்தவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். மரத்துக்கு மரம் தாவும் குரங்கு மாதிரி ஒன்று சில நொடிகள் வந்து போகும். அதற்கு மேற்கைகள் இரண்டிரண்டாக ஒட்டிப்போய், முழங்கைக்கு அப்பால்தான் பிரிந்திருக்கும். கண்ணும் இரண்டுதான். ஆறு காலிலிருந்து நாலுக்கு வரும் வழியில் நிற்கிற பிராணி. மொத்தப் படத்திலும் எனக்குப் பிடித்தது அந்தச் சில நொடிகள்தான்.

வேற்றுக்கோள் விலங்கு ஒன்றை வரையச் சொன்னால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒட்டு வேலை. சிங்கத்தின் உடம்பு, நண்டின் கொடுக்கு, வவ்வாலின் இறக்கை. கோயில் தூணில் நிற்கிற யாளியிடம் போய் உன் பாட்டன் யார் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. சிற்பிக்கு வேண்டியது அதன் கம்பீரம். ஆனால் ஒரு கோளில் இது தானாக உருவாகி வளர்ந்து வந்தது என்று நீங்கள் சொன்னால், பாட்டனைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த விளையாட்டை ஒழுங்காக ஆடியவர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரான டூகல் டிக்சன் 1981இல் ‘ஆஃப்டர் மேன்’ என்ற புத்தகத்தில், மனிதர் அழிந்து 5 கோடி வருஷம் கழித்துப் பூமியில் என்னென்ன திரியும் என்று வரைந்தார். வேன் பார்லோ 1990இல் ‘எக்ஸ்பெடிஷன்’ என்ற புத்தகத்தில் கண்ணே இல்லாத விலங்குகளால் ஒரு கோளை நிரப்பினார். எனக்கு ஆசான் இவர்களுக்கும் மூத்தவர், கெரோல்ஃப் ஸ்டைனர் என்ற ஜெர்மன் விலங்கியலாளர். ஹரால்ட் ஸ்டும்ப்கே என்ற புனைபெயரில், மூக்கால் நடக்கும் பாலூட்டிகளைப் பற்றி முழு ஆய்வு நூலே எழுதிவிட்டார். மூக்கால் நடப்பது, மூக்கால் குதிப்பது, மூக்கால் மீன் பிடிப்பது என்று ஒரே உறுப்பை வைத்துக்கொண்டு ஒரு வரிசையையே கட்டினார், கொஞ்சமும் சிரிக்காமல். கடைசியில் அந்தத் தீவுகள் அணுகுண்டுச் சோதனையில் கடலுக்குள் போய்விட்டதாக எழுதி, போய்ச் சரிபார்க்கிற வழியையும் அடைத்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட முறை இது. விலங்கை வரையாதே, மூதாதையை வரை. அதன் தலையில் இரண்டு மூன்று கடனை எழுதி வை. வாரிசுகள் கட்டட்டும்.

பூமியில் நடந்திருப்பதும் அதுதானே. ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, நீளக் கழுத்து முழுக்க இறங்கி, இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு தமனியைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே மேலே ஏறுகிறது. போக வேண்டிய தூரம் ஒரு சாண். போகிற தூரம் 4 மீட்டருக்கு மேல். மீனாக இருந்த காலத்தில் செவுளும் இதயமும் அடுத்தடுத்து இருந்தன, அந்த நரம்புக்கு அது நேர்வழி. கழுத்து நீண்டபோது நரம்பை அறுத்து வேறு பக்கம் கட்டிவிட ஆள் இல்லை, அதுவும் கூடவே நீண்டது. நமக்குப் புரையேறுவதும் இதே கதை: சோறு போகிற பாதையும் காற்று போகிற பாதையும் தொண்டையில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. நம் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்கு முன்பக்கம் ஓடி ஒரு துளை வழியாகப் பின்னால் போவதால் அந்த இடத்தில் குருட்டுப்புள்ளி. பேய்க்கணவாயின் கண் கிட்டத்தட்ட நம் கண் மாதிரியே இருக்கும். அதற்கு நரம்பு பின்பக்கமாகவே கிளம்புகிறது, குருட்டுப்புள்ளி கிடையாது. வேறு பாட்டன், வேறு கடன்.

சரி, என் கோளுக்கு வருகிறேன். ஈர்ப்பு பூமியில் முக்கால். காற்றின் அடர்த்தி இரு மடங்கு. கடல் உண்டு, மழை உண்டு. பலர் கோளின் சாய்வு, நிலாக்களின் எண்ணிக்கை, ஆண்டின் நீளம் என்று கோள் கட்டுவதிலேயே களைத்துப்போய் விலங்குக்கு வருவதே இல்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இவ்வளவு அடர்ந்த காற்றில் பலூன் விலங்கு மிதக்குமே என்று ஆசைப்பட்டேன். பூமியில் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்குவது சுமார் 1.1 கிலோ. என் கோளில் அதன் இரு மடங்கு. 10 கிலோ பிராணிக்கு, பையின் எடையும் அதற்குள் அடக்கம் என்றாலும், இரண்டு மீட்டர் விட்டத்தில் ஓர் உருண்டை வேண்டும். ஒரு முள், ஒரு சூறைக்காற்று, கதை முடிந்தது. பலூனை விட்டுவிட்டேன்.

மூதாதையைக் கற்பனையில் தேடவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியகாரா மலைப் பாறைகளில் ட்ரைபிராக்கிடியம் என்று ஒரு புதைபடிவம் இருக்கிறது. சுமார் 55 கோடி வருஷப் பழசு. வட்டமான சிறு தட்டு, அதன் மேல் நடுவிலிருந்து சுழன்று வளைகிற மூன்று கைகள். இரண்டு அல்ல, ஐந்து அல்ல, மூன்று. அந்த அமைப்பில் இன்று பூமியில் எதுவும் உயிரோடு இல்லை. வாரிசு வைக்காமல் போன உடல் அது. அதே மாதிரி ஒன்றை என் கடலின் அடியில் உட்காரவைத்தேன். நடுவில் வாய். வாயைச் சுற்றி வளையமாக நரம்பு. ஒவ்வொரு கை நெடுகவும் ஒரு நரம்பும், தண்ணீர் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் குழாய்க்கால்கள் ஒரு வரிசையும். கையின் நுனியில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிகிற கண்பொட்டு. இந்த ஏற்பாடெல்லாம் நட்சத்திர மீனிடம் சுட்டது. அதற்கும் கண் கையின் நுனியில்தான்.

உட்கார்ந்திருக்கிற வரையில் பிரச்சினை இல்லை. நகர ஆரம்பித்தால் முன் எது, பின் எது என்று முடிவாக வேண்டும். இதற்கு வழிகாட்டி நம் மன்னார் வளைகுடாவிலேயே கிடக்கிறது, கடலட்டை. நட்சத்திர மீனின் சொந்தம்தான் அது, அதற்கும் ஐந்து வரிசைதான். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. மூன்று வரிசை தரையில், இரண்டு வரிசை முதுகில், வாய் முன்பக்கம். படுத்ததாலேயே அதற்கு மேல் கீழ், முன் பின் எல்லாம் வந்துவிட்டன. கடலட்டை மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக. இதை நானாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

என் பிராணியும் படுத்தது. மூன்று கைகளும் உடம்போடு ஒட்டி நீண்டன. இரண்டு வரிசை கீழே, ஒன்று முதுகின் நடுவில். மூவரி என்று பெயர் வைத்தேன். கீழே இரண்டு வரிசைக் கால்கள், மேலே ஒற்றை வரிசையில் ஆடும் குழாய்கள். இந்தப் படத்தை முன்பே பார்த்தவர்கள் இருப்பீர்கள். ஹாலுசிஜீனியா. கனடாவின் பர்ஜஸ் பாறையில் கிடைத்த அந்தக் கேம்பிரியன் பிராணியை 1977இல் புதைபடிவ ஆய்வாளர் சைமன் கான்வே மாரிஸ் வரைந்தபோது, முள்களை ஊன்றி நடப்பதாகவும் முதுகில் ஒற்றை வரிசைக் குழாய்கள் ஆடுவதாகவும் வரைந்தார். 1991இல் ராம்ஷோல்டும் ஹோ ஷியான்குவாங்கும் அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள்: முள் முதுகில், குழாய்கள்தான் கால். 2015இல் இன்னும் ஒன்று. தலை என்று எல்லாரும் நினைத்த உருண்டை, உடல் அழுகியபோது வெளியே வந்த திரவத்தின் கறை. தலை மறுமுனையில் இருந்தது. ஒரு பிராணியை மேல் கீழாகவும் முன் பின்னாகவும் பூமி மாற்றிக் காட்டியதென்றால், எனக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. பூமியில் தப்பாகப் போன அந்தப் படத்தை என் கோளில் சரியாக்கிவிட்டேன்.

இனிமேல்தான் கடன்கள்.

முதல் கடன் மூச்சு. நடக்க உதவாத முதுகுக் குழாய்கள் கடலில் செவுளாயின. தரைக்கு வந்ததும் செவுள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஒவ்வொன்றும் ஒரு குழிக்குள் இறங்கி நுரையீரல் பையாயிற்று. முதுகில் நான்கு துளைகள். ஏன் நான்கு என்றால் காரணம் கிடையாது. நான்கு கால் பிராணிகளில் மிகப் பழையவற்றில் ஒன்றான அகாந்தோஸ்டெகாவுக்கு விரல் எட்டு. பிற்பாடு ஐந்தில் வந்து நின்றது, அதையே இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படித்தான் இதுவும். வாய்க்கும் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லாததால் மூவரிக்குப் புரையேறாது. பதிலுக்கு வேறு தொல்லை: மழை நேராக மூக்கில் பெய்யும். அதனால் துளைக்குத் துளை ஒரு மூடி. மூடி இருந்தால் தட்டலாம், தட்டினால் சத்தம். நான்கு அளவுப் பைகள், நான்கு சுருதி. கூப்பிடுவது, மிரட்டுவது, இணை தேடுவது எல்லாம் முதுகால்தான். தலைக்குப் பேச்சே கிடையாது.

இரண்டாவது கடன் கால். குழாய்க்கால் தண்ணீர் அழுத்தத்தில் நிற்பது. தரையிலும் அந்த முறை நடக்கும் என்பதற்குச் சாட்சி வீட்டுச் சுவரில் இருக்கிறது. சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசையே கிடையாது, மடக்குவதற்குத்தான் உண்டு. நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தம். அதனால்தான் செத்த சிலந்தி கால்களை உள்ளே சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. மூவரியின் காலும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் மாதிரி, அழுத்தம் இருக்கும்வரை விறைப்பாக நிற்கும். சிறிய உடம்புக்கு இது போதும். பெரிதானால் கலிலியோ குறுக்கே வருவார். 1638லேயே அவர் சொன்ன கணக்குதான்: நீளம் இரட்டித்தால் குறுக்குப் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு. முக்கால் ஈர்ப்பு கொஞ்சம் வட்டியைத் தள்ளுபடி செய்யும், அசலை அல்ல. ஆகவே பெரிய மூவரிகளின் கால் சுவரில் வளையம் வளையமாக ஓடு படிந்தது, தூண் மாதிரி. சிறியவை இன்னும் ஓடில்லாத காலில்தான் துள்ளுகின்றன.

இதை எழுதிவைத்ததும் மிச்சமெல்லாம் தானாக வந்து விழுந்தன. கால் ஒன்று கிழிந்தால் உடம்பு முழுக்க அழுத்தம் போய்விடும், அதனால் ஒவ்வொரு கால் அடியிலும் ஒரு வால்வு. வேட்டைக்காரன் கழுத்தைத் தேட வேண்டாம், ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டைக் குத்திவிட்டு ஓரமாகப் போய்க் காத்திருக்கலாம். தூங்கும்போது அழுத்தம் இறங்கும், கால்கள் மடங்கும், உடம்பு தரையில் உட்காரும். எழுந்து நிற்பதற்குப் பெரிய தாவர உண்ணிகளுக்குக் கொஞ்ச நேரம் பம்ப் அடிக்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கோளில் வேட்டை எப்போது நடக்கும்? விடியற்காலையில். கூட்டத்தில் எப்போதும் இரண்டு மூன்று விழித்து நின்றுகொண்டிருக்கும், முதுகு மூடியைத் தட்டத் தயாராக.

மூன்றாவது கடன் கண். எனக்குப் பிடித்ததும் இதுதான், அதிக நேரம் தின்றதும் இதுதான். கண் இருப்பது கையின் நுனியில். கைகள் வாயிலிருந்து கிளம்பி உடம்போடு பின்னால் நீண்டுவிட்டன. ஆகவே வாய் முன்னால், கண் மூன்றும் வால்பக்கம். மேய்கிற சிறு பிராணிக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. சாப்பாட்டை வாய் தடவித் தெரிந்துகொள்ளும், பின்னால் வருகிற ஆபத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். வேட்டையாட ஆசை வந்தபோதுதான் வம்சம் இரண்டாகப் பிரிந்தது.

ஒரு கிளை பின்கண்ணிகள். இவற்றில் முதுகு வரிசையின் நுனிக்கண் ஒரு தண்டின் மேல் ஏறி, தேளின் கொடுக்கு மாதிரி முதுகுக்கு மேலாக வளைந்து முன்னால் எட்டிப் பார்க்கிறது. புல்வெளியில் இவை மேயும்போது தூரத்திலிருந்து தெரிவது வரிசையாக நிற்கிற கண்கள் மட்டுமே.

இன்னொரு கிளை முன்கண்ணிகள். இவற்றில் கண்ணே நகர்ந்து முன்னால் வருகிறது. நம்ப முடியவில்லை என்பவர்கள் மீன் சந்தையில் நாக்குமீனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். குஞ்சாக இருக்கும்போது அதற்குப் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மண்டையைத் தாண்டி மறுபக்கம் போய்விடும், அப்புறம் ஆயுளுக்கும் ஒருக்களித்த படுக்கைதான். முன்கண்ணிக் குட்டியும் பின்னால் கண்ணோடுதான் பிறக்கிறது, வளரும்போது பக்கக் கண்கள் இரண்டும் உடம்போரமாக ஊர்ந்து வாய்க்கு அருகே வருகின்றன. இடைப்பட்ட பருவத்தில் கண் இடுப்பில் இருக்கும். பாவம், குட்டி அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் அவளுக்கு முதுகைத் திருப்ப வேண்டும்.

கண் வந்துவிட்டது. நரம்பு? அது வாய் வளையத்தில் கிளம்பி, வால்வரை போய், கண்ணோடு திரும்ப முன்னால் வருகிறது. ஒட்டகச்சிவிங்கியின் கதைதான். உடம்பு 2 மீட்டர் என்றால் நரம்பு 4 மீட்டர். உறையில்லாத மெல்லிய நரம்பில் செய்தி நொடிக்கு 1 மீட்டர் அளவில்தான் போகும். இரையைப் பார்த்தது மூளைக்குத் தெரிய 4 நொடி. அதற்குள் இரை அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊசிக்கணவாய் இந்தச் சிக்கலை நரம்பைத் தடிமனாக்கித் தீர்த்தது. ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த நரம்பு, நொடிக்கு சுமார் 25 மீட்டர் வேகம். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்து 1963இல் நோபல் வாங்கியதும் அந்த நரம்பை வைத்துத்தான். அந்த வேகத்தில் 4 மீட்டருக்கு 0.16 நொடி. பரவாயில்லை. ஆனால் கண்ணுக்கு ஒரு நரம்பு போதாதே. மனிதக் கண் ஒன்றிலிருந்து கிளம்புவது 10 லட்சம் இழை. அத்தனையையும் ஒரு மில்லிமீட்டருக்குத் தடித்தால் உடம்பு பூராவும் நரம்புதான் இருக்கும்.

இங்கே மாட்டிக்கொண்டு ரொம்ப நாள் நின்றேன். வழி காட்டியது பேய்க்கணவாய். அதற்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பது கைகளில். கை தானாகவே தடவும், பிடிக்கும், முடிவெடுக்கும். முன்கண்ணிக்கும் அப்படி ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னால் ஒரு குட்டி மூளை வைத்தேன். படத்தை அங்கேயே பார்த்து முடித்து, தடித்த நரம்பு நாலைந்தில் சுருக்கமான உத்தரவு மட்டும் போகும்: இரை, இடப்பக்கம், கிட்டத்தில். நடு மூளை பார்ப்பதே இல்லை, கேட்டுக்கொள்கிறது. சில சமயம் இரண்டு கண்ணும் வேறு வேறு இரையைத் தேர்ந்தெடுத்துவிடும். விலங்கு நடுவில் நின்று தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வந்த பிறகுதான் இது எனக்கு உயிருள்ள பிராணியாகத் தோன்றியது. அழகாக இருக்கட்டும் என்று வரைந்த எந்தக் கொம்பும் அதைச் செய்யவில்லை.

நடு மூளைக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது, அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அது வாயைச் சுற்றிய வளையம். சாப்பாடு அதன் நடுவே போக வேண்டும். மூளை பெருத்தால் தொண்டை இறுகும். சிலந்திக்கும் இதே அமைப்புதான். அது இரையைக் கரைத்துக் குடிக்கிறது. என் வேட்டைக்காரர்களும் அப்படியே. தழை மேய்கிற பெரிய பின்கண்ணிகள் வாய் நிறைய விழுங்க வேண்டியவை, ஆகவே வளையம் மெலிந்து, புத்தி குறைந்து, வயிறு நிறைந்து வாழ்கின்றன.

ஹாலுசிஜீனியாவைத் தலைகீழாக வரைந்த அதே கான்வே மாரிஸ் பிற்காலத்தில், பரிணாமம் எங்கே தொடங்கினாலும் ஒரே மாதிரி வடிவங்களுக்குத்தான் வந்து சேரும் என்று வாதாடினார். 1989இல் அவரைத் தன் புத்தகத்தில் கொண்டாடிய ஸ்டீவன் ஜே கூல்டு சொன்னது நேர் எதிர்: உயிர்களின் வரலாற்றை ஒரு நாடா மாதிரி திரும்ப ஓடவிட்டால் வேறு உலகம்தான் வரும். என்னைக் கேட்டால், வெளிக்கோடு கான்வே மாரிஸ் சொன்னபடி, உள்வேலை கூல்டு சொன்னபடி. சுறாவும் ஓங்கிலும் வெளியே ஒரே வடிவம். ஆனால் சுறா வாலைப் பக்கவாட்டில் வீசுகிறது, ஓங்கில் மேலும் கீழும் அடிக்கிறது, ஏனென்றால் அதன் பாட்டன் தரையில் முதுகை மேலும் கீழும் வளைத்து ஓடிய பாலூட்டி.

வெளிக்கோடு ஒன்றானாலும் உள்வேலை வேறாகுமா என்ற பரீட்சையைத்தான் இப்போது மூவரிகளுக்கு வைத்திருக்கிறேன். ஒரு கூட்டம் கடலுக்குத் திரும்புகிறது. திமிங்கிலத்தின் பாட்டனான பாகிசீட்டஸுக்கு 5 கோடி வருஷத்துக்கு முன் மூக்கு முகத்தின் நுனியில் இருந்தது. அது உச்சந்தலைக்கு ஏற எத்தனையோ தலைமுறை ஆயிற்று. மூவரிக்கு அந்தச் செலவே இல்லை, மூக்கு ஏற்கனவே முதுகில், மூடியோடு. தரையில் மழைக்குப் பயந்து கட்டியது கடலில் லாபம். பின்கண்ணிகளுக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில் கண் இருப்பதால் துடுப்பு வைக்க இடமில்லை. அவை கரையோரத்தில் கண்ணை மட்டும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு கிடக்கட்டும். முன்கண்ணிகளுக்கு வால்பக்கம் கிட்டத்தட்ட காலி. பக்கக் கண்கள் போய்விட்டன, முதுகு வரிசையின் கண் மட்டும் சுருங்கி ஒரு பொட்டாக நிற்கிறது.

வால் எந்தப் பக்கம் அடிக்கும்? உடம்பில் தசை மூன்று பட்டைகளாக, மூன்று வரிசைக்கு மூன்றாக ஓடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக அவை சுருங்கினால் வால் பக்கவாட்டிலும் போகாது, மேல் கீழாகவும் போகாது. வட்டமாகச் சுழலும். ஆக, தூரத்திலிருந்து பார்த்தால் சுறா, கிட்டே போனால் பின்னால் திருகிக்கொண்டே போகிற ஒரு வால். வால் ஒரு பக்கம் சுழன்றால் உடம்பு எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும், அதைத் தடுக்க முன்னங்கால்கள் இரண்டையும் அகலமான துடுப்பாக விரித்துவிட்டிருக்கிறேன். எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு உடம்பின் நீளத்தில் கால் பங்கு.